புங்கங்கொட்டையிலிருந்து எரிபொருள் எண்ணெய்: முதன்முறை எடுப்பவர்களுக்கு

புங்கமரம் இல்லாத ஊரைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஆற்றோரத்திலும் ஏரிக்கரையிலும் தானாக முளைத்து நிற்கும். நிழலுக்காகச் சாலையோரத்திலும் பள்ளிக்கூட வளாகத்திலும் நட்டு வைத்திருப்பார்கள். கோடை தொடங்கினால் பொரியை வாரி இறைத்ததுபோல் மரத்தடியெல்லாம் பூ கிடக்கும். அதே நாட்களில், போன வருஷத்துப் பூவில் பிடித்த காய் பழுப்பேறி விழுந்துகொண்டிருக்கும். புங்கன் பூத்துக் காய் முற்றப் பத்துப் பதினோரு மாதம் எடுத்துக்கொள்ளும் என்பதால்தான் இரண்டும் ஒரே நேரத்தில் தரையில் கிடக்கின்றன. பெரும்பாலான இடங்களில் காயைக் கூட்டிக் குவித்துக் குப்பையோடு கொளுத்திவிடுகிறார்கள். அந்தக் காய்க்குள் இருக்கும் கொட்டையில், எடைக்கு நூற்றுக்கு 27 முதல் 39 பங்கு வரை எண்ணெய் இருக்கிறது. நெருப்பில் போகிற அந்த எண்ணெயை எடுத்து விளக்கெரிக்க முடியும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வோம். 1996-ல் 'மூலிகை பெட்ரோல்' பற்றிய பேச்சு நாடெங்கும் அடிபட்டது. ஏதோ ஓர் இலையைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் பெட்ரோல் வரும் என்று நம்பியவர்கள் ஏராளம். சோதனையில் அது நிற்கவில்லை, நிற்கவும் முடியாது. தண்ணீர் எரிந்து முடிந்த பொருள், அதிலிருந்து எரிபொருள் பிறக்காது. செடி தன் சக்தியை எண்ணெயாகச் சேர்த்து வைக்கும் இடம் பெரும்பாலும் விதைதான். கொட்டையைத் தேடுங்கள், இலையை விடுங்கள். கொட்டையிலிருந்து வருவதும் பெட்ரோல் அல்ல, கெட்டியான தாவர எண்ணெய். ஸ்கூட்டரில் ஊற்ற முடியாது. நன்றாக விளக்கெரியும். சில வகை டீசல் என்ஜின்களையும் ஓட்டும்.

ஏன் புங்கன்? காட்டாமணக்கு, இலுப்பை, புன்னை, வேம்பு எல்லாமே எண்ணெய் தருபவைதான். கோயில் விளக்குக்கு நெடுங்காலம் இலுப்பெண்ணெய்தான் ஊற்றினார்கள். ஆனால் இலுப்பை மரம் இப்போது அரிதாகிவிட்டது. காட்டாமணக்கைப் பற்றிய கனவு 2003 வாக்கில் பெரிதாக ஊதப்பட்டு, நட்ட விவசாயிகளே பிடுங்கிப்போடும் நிலைக்கு வந்தது. அதன் கொட்டை நஞ்சு, குழந்தைகள் கடலை என்று நினைத்துத் தின்று மருத்துவமனைக்குப் போவது இன்றும் நடக்கிறது. புங்கன் எங்கும் இருக்கிறது, கொட்டை பெரிது, உடைக்கச் சுலபம், வாயில் வைத்தால் கசப்பிலேயே துப்பவைத்துவிடும். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல கொட்டை இல்லை என்பது என் முடிவு.

காய் பொறுக்குவது

மரத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு காம்பில் ஐந்து அல்லது ஏழு இலை, பளபளவென்று கரும்பச்சையாக இருக்கும். காய் தட்டையாக, தடித்த தோலோடு, விரல் நீளத்துக்குச் சற்றுக் குறைவாக, நுனியில் சிறு மூக்கோடு இருக்கும். உள்ளே ஒரு கொட்டை, அபூர்வமாக இரண்டு. காய் தானாக வெடித்துக் கொட்டையைச் சிதறவிடாது. அப்படியே முழுசாக விழும். இது நமக்கு வசதி, பொறுக்குவது எளிது.

மஞ்சள் அரளிக் கொட்டையிலும் எண்ணெய் உண்டு என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அதன் நஞ்சு இதயத்துடிப்பையே நிறுத்தக்கூடியது. வேறு கொட்டை எதுவும் புங்கங்கொட்டையோடு கலக்காமல் பார்த்துக்கொள்வது முதல் விதி.

மாசியிலிருந்து வைகாசி வரை காய் கிடைக்கும். பழுப்பாகி, உலர்ந்து, கையில் குலுக்கினால் உள்ளே கொட்டை ஆடும் காய்தான் வேண்டும். பச்சைக் காயை உலுக்கிப் பறிப்பதில் பயன் இல்லை. முற்றாத கொட்டையில் எண்ணெய் குறைவு, ஈரம் அதிகம். மழையில் நனைந்து தரையில் பல நாள் கிடந்து பூசணம் பிடித்ததை அங்கேயே விட்டுவிடுங்கள். ஒரு கூடை நல்ல கொட்டைக்குள் ஒரு பிடி பூசணம் பிடித்தது போனாலும் எண்ணெய் சீக்கிரம் புளித்துவிடும்.

வளர்ந்த மரம் ஒன்று வருஷத்துக்கு 9 கிலோவிலிருந்து 90 கிலோ வரை காய்க்கும் என்று சொல்வார்கள். அவ்வளவு பெரிய இடைவெளி ஏன் என்றால், புங்கன் மரத்துக்கு மரம் அப்படித்தான் மாறும். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டில் ஒன்று கொத்துக் கொத்தாகக் காய்க்கும், மற்றது இலையை மட்டும் காட்டும். நன்றாகக் காய்க்கும் மரங்களைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த வருஷம் அலைய வேண்டாம்.

பொது இடத்து மரமென்றால் கேட்டுவிட்டுப் பொறுக்குங்கள். சாலையோரப் புளியமரங்களைப்போலச் சில ஊர்களில் மற்ற மரங்களின் மகசூலையும் ஏலம் விடுவதுண்டு. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக்கூடாது. தனியார் தோப்பில் கேட்டால், பெரும்பாலும் 'எடுத்துக்கிட்டுப் போங்க, கூட்டுற வேலை மிச்சம்' என்றுதான் பதில் வரும்.

முதல் முயற்சிக்கு நாலைந்து கிலோ காய் போதும். காயின் எடையில் ஏறக்குறைய பாதி கொட்டை. ஆக உங்கள் கையில் இரண்டு கிலோ கொட்டை இருக்கும்.

காயவைப்பது

எண்ணெய் எடுப்பதைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் நசுக்கும் எந்திரத்தைப் பற்றியே கேட்கிறார்கள். காயவைப்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் எண்ணெயின் அளவையும் தரத்தையும் பாதிக்குமேல் தீர்மானிப்பது வெயிலில் கிடக்கும் அந்த நாட்கள்தான்.

காயைத் தார்ப்பாயிலோ சிமென்ட் தரையிலோ ஒரே அடுக்காகப் பரப்பி நல்ல வெயிலில் மூன்று நான்கு நாள் போடுங்கள். மாலையில் அள்ளிவிட வேண்டும். பனியில் விட்டால் பகலெல்லாம் காய்ந்தது இரவில் திரும்ப ஈரமாகும். பிறகு சாக்கில் கட்டித் தடியால் அடித்தால் தோல் பிளந்து கொட்டை பிரியும். முறத்தில் போட்டுப் புடைத்தால் தோல் பறந்துவிடும். கொட்டை செம்பழுப்பு நிறத்தில், சுருக்கம் விழுந்த மெல்லிய தோலோடு இருக்கும். அந்தத் தோலை உரிக்க வேண்டாம்.

கொட்டையை மறுபடி இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி இரண்டு. ஒன்று, கொட்டையை விரலால் ஒடித்துப் பாருங்கள்: வளைந்து கிழிந்தால் ஈரம் இருக்கிறது, பட்டென்று ஒடிந்தால் சரி. இன்னொன்று, ஒரு கிண்ணம் கொட்டையைத் தனியாக வைத்துத் தினமும் மாலையில் எடை போடுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து எடை குறையாமல் நின்றால் இனி போக ஈரமில்லை.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், ஈரக்கொட்டையில் எண்ணெய் சிதையத் தொடங்கிவிடும். கொட்டைக்குள் இருக்கும் நொதிகளும் பூசணமும் எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலமாக மாற்றுகின்றன. அந்த எண்ணெய் விளக்கில் புகையும், நாறும், உலோகப் பாத்திரத்தை அரிக்கும். பிற்பாடு யாராவது இதைப் பயோடீசலாக, அதாவது டீசலுக்குப் பதில் ஊற்றும் மெல்லிய எரிபொருளாக, மாற்ற நினைத்தால் எண்ணெய் சோப்பாகித் திரிந்து நிற்கும். கெட்டுப்போன எண்ணெயைத் திருத்துவது வீட்டில் முடியாத காரியம். கெடாமல் பார்த்துக்கொள்ள வெயில் இருந்தால் போதும்.

காய்ந்த கொட்டையைக் காற்றோட்டமான இடத்தில் சணல் சாக்கில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். மழைக்காலம் வரை வைத்திருக்காமல் கோடைக்குள்ளேயே ஆட்டிவிடுவது நல்லது.

நசுக்க மூன்று வழி

நிறைய கொட்டை இருந்தால் ஆலைக்குக் கொண்டுபோவதுதான் புத்திசாலித்தனம். மரச்செக்கில் கொட்டையின் எடைக்கு நூற்றுக்கு 18 முதல் 22 பங்கு எண்ணெய் கிடைக்கும். எக்ஸ்பெல்லர் என்ற திருகு வகை ஆலை எந்திரத்தில் 24 முதல் 27 வரை போகும். பத்துக் கிலோ காயிலிருந்து ஐந்து கிலோ கொட்டை, அதைச் செக்கில் ஆட்டினால் ஒரு கிலோ எண்ணெய், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்று மேல். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

ஒரு சிக்கல் உண்டு. கடலை, எள், தேங்காய் ஆட்டும் செக்கில் புங்கனைப் போடமாட்டார்கள், போடச்சொல்லிக் கேட்கவும் கூடாது. அதன் கசப்பும் வாடையும் உரலில் ஏறினால் அடுத்த ஈட்டில் (ஒருமுறை செக்கில் போடும் அளவுதான் ஈடு) ஆட்டும் நல்லெண்ணெய் வீணாகிவிடும். சாப்பிடுபவருக்கும் அது ஆகாது. வேப்பங்கொட்டை, இலுப்பைக் கொட்டை ஆட்டுகிற ஆலை எது என்று விசாரியுங்கள். வேப்பம்புண்ணாக்கு விற்கும் உரக்கடையில் கேட்டால் பெரும்பாலும் வழி சொல்வார்கள். ஒரு ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து கிலோவாவது வேண்டும் என்பார்கள். அதனால் அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து பொறுக்குவது நல்லது.

அப்படிச் சேர்ந்து செய்ததற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. இன்றைய தெலங்கானாவின் அதிலாபாத் பகுதியில் பவர்குடா என்ற பழங்குடிக் கிராமத்தில் பெண்கள் சுயஉதவிக் குழுவாகச் சேர்ந்து புங்கன் வளர்த்து, ஊரிலேயே எண்ணெய் பிழியும் எந்திரம் வைத்து நடத்தினார்கள். டீசலுக்குப் பதில் புங்கெண்ணெய் எரிவதால் காற்றில் கலக்காமல் போகும் கரியமில வாயுவைக் கணக்கிட்டு, 147 டன்னுக்கு 645 டாலரை 2003-ல் உலக வங்கி அவர்களுக்குக் கொடுத்தது. தொகை சிறிதுதான். ஆனால் ஆளுக்கொரு எந்திரம் வாங்காமல் ஊருக்கு ஒன்று என்று வைத்தார்கள் பாருங்கள், அதுதான் இந்த வேலைக்குப் பொருந்தும் அளவு.

இரண்டாவது வழி, மேஜையில் பொருத்திக் கையால் சுற்றும் சிறிய திருகு எந்திரம். உருளைக்குள் திருகாணி சுழன்று கொட்டையை முன்னால் தள்ளித் தள்ளி இறுக்கும். பக்கத்துத் துளையில் எண்ணெய் சொட்டும், முனையில் புண்ணாக்கு குச்சியாக வெளியே வரும். உருளையைப் பத்து நிமிஷம் முன்சூடு ஏற்றிவிட்டுச் சுற்றவேண்டும். குளிர்ந்த உருளையில் கொட்டை அடைத்துக்கொள்ளும். புங்கங்கொட்டை பெரிதாகையால் நாலாக உடைத்துப் போடுங்கள். சிறு எந்திரத்தில் முழுக்கொட்டை இறங்காது. இப்போது வீட்டுக்கென்று விற்கிற மின்சார எண்ணெய் எந்திரங்களும் இதே முறைதான். சமையல் எண்ணெய் எடுக்கிற எந்திரத்தில் புங்கனைப் போடவே கூடாது என்பதை மறுபடி சொல்லிவிடுகிறேன். புங்கனுக்கு என்று ஒன்று, அதில் வேறெதுவும் இல்லை.

மூன்றாவது, எந்திரமே இல்லாமல் கொதிக்கவைத்து எடுப்பது. கிராமத்தில் ஆமணக்கு முத்தை வறுத்து இடித்துக் காய்ச்சி எண்ணெய் எடுத்தார்கள் அல்லவா, அதே முறை. இதில் எண்ணெய் குறைவாகத்தான் வரும். செக்கில் கிடைப்பதில் பாதி கிடைத்தாலே மகிழலாம், அதாவது கிலோ கொட்டைக்கு நூறு மில்லி. ஆனால் கையில் இருக்கும் பாத்திரத்தை வைத்தே இன்றைக்கே தொடங்கலாம். எண்ணெய் எப்படி விதையைவிட்டு வெளியேறுகிறது என்பது கண்ணால் பார்க்கும்போது புரியும். அதனால் புதியவர்களுக்கு இதையே விரிவாகச் சொல்கிறேன்.

கொதிக்கவைத்து எடுக்கும் முறை, படிப்படியாக

எல்லாவற்றையும் வெளியில், கூரைக்கும் கொட்டகைக்கும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வாடை வீட்டுக்குள் ஏறினால் இரண்டு நாள் போகாது. பழைய பாத்திரங்களை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். திரும்பச் சமையலுக்கு எடுக்கக்கூடாது. பக்கத்தில் ஒரு வாளி மணலும், பாத்திரத்தை முழுசாக மூடும் தட்டும் இருக்கவேண்டும். குழந்தைகள் கிட்டே வராத நேரமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

முதலில் வறுப்பது. இரண்டு கிலோ கொட்டையையும் ஒரேயடியாகப் போடாமல், வாணலியில் அரைக் கிலோ அரைக் கிலோவாகப் போட்டு மெல்லிய தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். பத்து நிமிஷத்தில் தோல் லேசாக வெடித்து மணம் மாறும். அவ்வளவு போதும். கருகவிடாதீர்கள். வறுப்பதால் மிச்சமிருக்கும் ஈரம் போகிறது. எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் புரதம் இறுகி எண்ணெயைக் கைவிடுகிறது.

சூடு ஆறுவதற்குள் உரலில் போட்டு இடிக்கவேண்டும். முதலில் தூளாகும், பிறகு தூள் ஒட்டத் தொடங்கும், கடைசியில் உலக்கையின் பூணில் எண்ணெய் மினுமினுக்கும் விழுதாகும். எண்ணெய் தெரியும்வரை இடிப்பதுதான் இந்த முறையின் உயிர். பாதியில் நிறுத்தினால் கொட்டைக்குள் இருப்பது கொட்டைக்குள்ளேயே இருக்கும். உரல் இல்லாதவர்கள் பழைய மிக்சி ஒன்றை இதற்கென்று ஒதுக்கலாம். சமையல் மிக்சி கூடாது.

விழுதைப்போல மூன்று நான்கு மடங்கு தண்ணீரைப் பெரிய பாத்திரத்தில் கொதிக்கவைத்து, விழுதைச் சிறிது சிறிதாகக் கரைத்து விடுங்கள். பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். புங்கன் நுரைத்துப் பொங்கும். பொங்கி அடுப்பில் வழிந்தால் எண்ணெயும் சேர்ந்து தீப்பிடிக்கும். பொங்கும்போது தீயைக் குறைத்துக் கிளறிவிட்டால் அடங்கும். பிறகு மெல்லிய கொதியில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வையுங்கள். அடியில் பிடிக்காமல் அவ்வப்போது கிளறவேண்டும், தண்ணீர் வற்றினால் கொதிநீரே சேர்க்கவேண்டும். கொஞ்ச நேரத்தில் மேலே பொன்னிறப் பொட்டுகளாக எண்ணெய் தோன்றும், அப்புறம் பொட்டுகள் சேர்ந்து ஏடாகப் படரும்.

இறக்குவதற்கு முன் இரண்டு பிடி கல்லுப்புப் போட்டுக் கலக்குங்கள். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பாலாக நிற்கும் பகுதியை உப்பு பிரித்துவிடும். மூடி வைத்து இரவு முழுக்க அசைக்காமல் விடுங்கள். காலையில் மேலே எண்ணெய், நடுவில் கலங்கல், அடியில் சக்கை என்று தெளிவாக நிற்கும். அகலமான கரண்டியால் எண்ணெயை மட்டும் மெதுவாக வழித்தெடுங்கள். கொஞ்சம் தண்ணீர் சேர்ந்து வந்தாலும் பரவாயில்லை, அடுத்த கட்டத்தில் போகும். சக்கையை மறுபடி கொதிக்கவைத்தால் இன்னும் கொஞ்சம் வரும்; எரிக்கும் விறகுக்கு அது தேறாது என்பது என் கருத்து.

இப்போது கவனமாக இருக்கவேண்டிய இடம்: எண்ணெயிலிருந்து ஈரத்தை ஓட்டுவது. அகலமான சிறு பாத்திரத்தில் எண்ணெயை ஊற்றி மிக மெல்லிய தீயில் வையுங்கள். பாத்திரத்தில் பாதிக்குமேல் ஊற்றாதீர்கள். அடியில் தங்கிய தண்ணீர் ஆவியாகிக் கிளம்பும்போது எண்ணெய் சடசடவென்று தெறிக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, முகத்தை மேலே நீட்டாமல், நீண்ட கரண்டியால் கிளறுங்கள். சடசடப்பு படிப்படியாகக் குறைந்து நின்றுவிடும். நின்றதும் இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் சூடேற்றினால் எண்ணெய் புகையத் தொடங்கும், புகையும் எண்ணெய் தீப்பற்றும். பற்றினால் தட்டால் மூடுங்கள், மணலைப் போடுங்கள், அடுப்பை அணையுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது. ஊற்றினால் எரியும் எண்ணெய் ஆளுயரத்துக்குச் சீறும்.

பெட்ரோல், தின்னர் போன்றவற்றில் ஊறவைத்து மிச்ச எண்ணெயை எடுக்கலாம் என்று சில காணொளிகள் சொல்கின்றன. தொழிற்சாலைகள் அப்படிக் கரைப்பான் வைத்து எடுப்பது உண்மைதான், ஆனால் அதற்கு மூடிய கலன்களும் தீப்பொறி எழாத கட்டடமும் வேண்டும். கொல்லைப்புறத்தில் அதைச் செய்வது உயிரோடு விளையாடுவது.

தெளியவைப்பது

ஆறிய எண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். அடியில் மண்டி படியும். மேலே தெளிந்ததை மட்டும் சாய்த்து, நாலாக மடித்த பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். செக்கிலும் எந்திரத்திலும் எடுத்த எண்ணெய்க்கும் இதே வேலைதான். ஆட்டும்போது தண்ணீர் தெளித்திருந்தால் அதையும் ஒருமுறை சூடேற்றி ஈரம் போக்கிவிட வேண்டும்.

நல்ல புங்கெண்ணெய் மஞ்சளும் செம்பழுப்பும் கலந்த நிறத்தில் இருக்கும், வாடை தூக்கும். ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு துளியைச் சுட்ட தோசைக்கல்லில் விடுங்கள். சத்தமில்லாமல் பரவினால் சரி, படபடவென்றால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. புட்டியை வாய்வரை நிரப்பி மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். மேலே 'புங்கெண்ணெய், சமையலுக்கு அல்ல' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கரஞ்சின் முதலான கசப்புப் பொருள்கள் இதில் இருக்கின்றன. வயிற்றுக்குள் போனால் வாந்தி எடுக்கவைக்கும்.

எரிய வைப்பது

எண்ணெய் எடுத்தவர்களில் பலர் இங்கேதான் மனம் விட்டுப்போகிறார்கள். அரிக்கேன் விளக்கில் ஊற்றுகிறார்கள், ஐந்து நிமிஷம் எரிந்து திரி கருகி அணைந்துவிடுகிறது, 'இது எரியாத எண்ணெய்' என்று கொட்டிவிடுகிறார்கள். எண்ணெயில் குற்றம் இல்லை, விளக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். மண்ணெண்ணெய் தண்ணீரைப்போல நீர்த்தது, நீண்ட திரியில் சரசரவென்று ஏறும். புங்கெண்ணெய் அதைவிட இருபது மடங்கு அளவுக்குக் கெட்டி. திரியில் ஒரு விரற்கடைக்குமேல் ஏறத் திணறும். சுடருக்கு எண்ணெய் வந்து சேராததால் திரியே எரிந்து கருகுகிறது.

ஆகவே சுடர் எண்ணெயின் மட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். நம் அகல் விளக்கு அப்படித்தானே இருக்கிறது! அகன்ற வாய், ஆழம் குறைவு, திரி எண்ணெயிலேயே படுத்திருக்கும். தளர்வாகத் திரித்த தடித்த பஞ்சுத் திரி போடுங்கள், முன்கூட்டியே எண்ணெயில் நன்றாக ஊறவையுங்கள், வெளியே அரை விரற்கடை மட்டும் நீட்டிவிடுங்கள். சுடர் புகைந்தால் திரியை உள்ளே இழுக்கவேண்டும். எண்ணெய் பாதி இறங்கியதும் மறுபடி ஊற்றவேண்டும். கண்ணாடி டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு விரல் உயரத்துக்கு எண்ணெய் விட்டு, தக்கையில் தகரத் துண்டைச் செருகி அதன் வழியே சிறு திரியை மிதக்கவிடுவது இன்னும் நல்லது. எண்ணெய் இறங்க இறங்கத் திரியும் சேர்ந்து இறங்கும், எண்ணெய் தீர்ந்ததும் தண்ணீர் பட்டு அணைந்துவிடும்.

இந்த எண்ணெயில் ஒரு நிம்மதி உண்டு. மண்ணெண்ணெய் 40 பாகை செல்சியஸ் அளவிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும்; புங்கெண்ணெய்க்கு 200 பாகைக்குமேல் வேண்டும். விளக்கு கவிழ்ந்தால் பெரும்பாலும் அணைந்துவிடும், குப்பென்று பரவாது. அதற்காகத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று பொருள் அல்ல. துணியில் ஊறிவிட்டால் அந்தத் துணியே திரியாகிவிடும். புங்கெண்ணெய் விளக்குக்குக் கொசு வராது என்பார்கள். அதை நம்பி மூடிய அறையில் புகையை இரவெல்லாம் சுவாசிக்க வேண்டாம். திண்ணையிலும் தாழ்வாரத்திலும் எரிக்கிற எண்ணெய் இது.

ஸ்டவ்வில் ஊற்றலாமா என்று கேட்பார்கள். பம்ப் ஸ்டவ்வில் ஊற்றினால் நுனித்துளை கரி கட்டி அடைத்துவிடும், அழுத்தத்தோடு அடைத்தால் ஆபத்து. தாவர எண்ணெய்க்கென்றே ஜெர்மனியின் ஹோகன்ஹைம் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'புரோட்டோஸ்' என்ற அடுப்பைப் பிலிப்பைன்ஸில் வீடுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். அதில்கூட முதலில் சாராயம் எரித்துக் குழாயைப் பழுக்கச் சூடேற்றிய பிறகுதான் எண்ணெய் ஆவியாகி எரியும். வீட்டு ஸ்டவ்வைப் பிரித்து மாற்றி இதைச் சாதிக்க முயலாதீர்கள்.

என்ஜின் வேறு கதை. 1900-ல் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு சிறு டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் உடுப்பி சீனிவாசா, கர்நாடகக் கிராமங்களில் புங்கெண்ணெயிலேயே ஜெனரேட்டர் ஓட்டித் தண்ணீர் இறைத்துக் காட்டினார். மெதுவாகச் சுழலும் பழைய லிஸ்டர் வகைப் பம்ப்செட் இதைத் தாங்கும். இன்றைய வேகமான டீசல் வண்டிகளில் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் தாங்காது, கரி படிந்து அடைக்கும். எண்ணெயை மெல்லியதாக்கிப் பயோடீசல் செய்ய மெத்தனாலும் காஸ்டிக்கும் வேண்டும். மெத்தனால் குடலுக்குள் போனால் கண்ணைப் பறிக்கும், அதன் சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது. அதைத் தெரிந்தவரிடம் கற்றுக்கொண்டு செய்யவேண்டுமே தவிரக் கட்டுரை படித்துச் செய்யக்கூடாது, அதனால் அளவு எதையும் இங்கே தரவில்லை.

விறகுக் கணக்கும் புண்ணாக்கும்

இரண்டு கிலோ கொட்டையில் வரும் இருநூறு மில்லி புங்கெண்ணெய் எரிந்து தரும் வெப்பம், ஏறத்தாழ அரைக் கிலோ காய்ந்த விறகு தரும் வெப்பம். அந்தக் கொட்டையை வறுத்து இரண்டு மணி நேரம் கொதிக்கவைக்க அதைவிடப் பல மடங்கு விறகு போயிருக்கும். எனவே கொதிக்கவைக்கும் முறையில் எரிபொருள் மிச்சமாகாது. கற்றுக்கொள்ளவும், விளக்குக்குக் கொஞ்சம் எடுக்கவும் சரி. எண்ணெய் உண்மையிலேயே எரிபொருளாகத் தேறுவது வெயிலில் காயவைத்துச் செக்கிலோ எந்திரத்திலோ பிழியும்போதுதான். முதல் இரண்டு கிலோவைக் கொதிக்கவைத்துப் பாருங்கள், பிடித்திருந்தால் அடுத்த கோடைக்கு ஒரு ஈடு சேர்க்கப் பாருங்கள்.

மிஞ்சும் சக்கையை மாட்டுக்கு வைக்காதீர்கள். அது உரம். புங்கம்புண்ணாக்கில் தழைச்சத்து நூற்றுக்கு நாலு பங்கு அளவுக்கு இருக்கிறது, வேர்ப்புழுவையும் கட்டுப்படுத்தும். உப்புப் போட்டுக் கொதிக்கவைத்த சக்கையாக இருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, தூளாக்கித் தென்னைக்கும் வாழைக்கும் வேர்ப்பகுதியில் மண்ணோடு கலந்து விடலாம். தொட்டிச் செடிக்கு ஒரு பிடி போதும். கொதித்த தண்ணீரையோ அலசிய தண்ணீரையோ குளத்திலும் கிணற்றங்கரையிலும் கொட்டக்கூடாது. புங்கங்கொட்டையை இடித்து நீரில் கலக்கி மீனை மயக்கிப் பிடித்த காலம் உண்டு. மரம் செடி இல்லாத வெறுந்தரையில் குழி வெட்டி ஊற்றி மூடிவிடுங்கள்.